சுறுசுறுவின் சாப்பாட்டுப் பெட்டி

தம்பி மனைவி போனில் கேட்டது சின்ன விஷயம்தான். ஓர் எருமை வரைந்து தரவேண்டும். அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போனில் பேசுகிற மனுஷனுக்குக் கண்ணாடி எதற்கு என்று அவருடைய மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏதோ ஒரு எருமை இல்ல மாமா. நம்ம சுறுசுறு" என்றாள் தம்பி மனைவி.

அந்தப் பெயரை அவர் காதுபட யாரும் சொல்லி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

சுறுசுறு என்பது ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அண்ணன் வரைந்த படக்கதையில் பதினோரு வருஷம் குடியிருந்த எருமை. இரண்டு காலில் நடக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்க்கும். கையில் எந்நேரமும் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. என்ன வேலை சொன்னாலும் அதைச் செய்யாமலிருக்க அதனிடம் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கப் படும் பாட்டில் பாதி பட்டிருந்தால் வேலையே முடிந்திருக்கும். வாரத்துக்கு நாலு கட்டம். வாசகர்கள் பத்திரிகையைப் பின்னாலிருந்து திறக்க ஆரம்பித்ததே சுறுசுறுவால்தான் என்று ஆசிரியர் சொல்வார். குறுக்கெழுத்துப் போட்டி தயாரிப்பவரிடமும் அவர் இதையே சொல்வார் என்பது வேறு விஷயம்.

சுறுசுறு யார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தம்பிதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் அண்ணன் வீட்டுக்கு வந்து, அவர் வரைகிற அறையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, வாரம் முழுக்க ஆபீசில் நடந்ததை விட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பான். அண்ணன் கேட்டுக்கொண்டே பென்சிலை ஓட்டுவார். தம்பிக்கு இதில் மனக்குறை எதுவும் இருந்ததில்லை. ஆபீசில் பத்திரிகையை விரித்துவைத்து, இது நான்தான் என்று அவனே நாலு பேரிடம் காட்டிக்கொள்வான். அண்ணன் மட்டும் அச்சில் வரும்வரை ஒருவருக்கும் படத்தைக் காட்டமாட்டார். தம்பிக்கும் சேர்த்துத்தான். முன்கூட்டியே காட்டினால் சிரிப்பு ஆறிப்போகும் என்பார். தம்பியும் எல்லோரையும் போல வெள்ளிக்கிழமை கடையில் வாங்கித்தான் தன்னைப் பார்த்துக்கொள்வான்.

இப்போது தம்பிக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து ஐந்து வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் அண்ணன் போய்ப் பார்த்தார். வலிக்குதா, இல்ல, சாப்பிட்டியா, ஆச்சு. நாலு கட்டத்தில் அடங்குகிற பேச்சு. வீட்டுக்கு வந்த பிறகு தம்பி படுத்தவன் படுத்தவன்தான். பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபி பெண் தினமும் வருகிறாள், கோணமானி மாதிரி ஒன்றைக் காலில் வைத்து மடங்குவதை அளக்கிறாள், அறுபது டிகிரியைத் தாண்டமாட்டேன் என்கிறது. அவள் கையை வைப்பதற்கு முன்பே தம்பி கத்தத் தொடங்கிவிடுகிறான். மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போவதைத் தவிர எழுந்திருப்பதே இல்லை. இன்னும் பத்து நாளில் தொண்ணூறுக்கு மடங்காவிட்டால் மறுபடி மயக்கம் கொடுத்து மடக்கவேண்டும், அதையும் தள்ளிப்போட்டால் அந்தக் கால் கடைசிவரை கட்டையாகவே நின்றுவிடும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதற்கும் தம்பி அசையவில்லை.

"நான் சொன்னா காதுல ஏறல" என்றாள் தம்பி மனைவி. "பழைய பத்திரிகையெல்லாம் எடுத்துத் தரச் சொன்னார். படுத்துக்கிட்டே படிச்சுத் தனியாச் சிரிக்கறார் மாமா. கடைசியா வந்ததை மட்டும் திறக்கறதில்ல. சுறுசுறு எழுந்து நடக்கற மாதிரி ஒண்ணு வரைஞ்சு தாங்க. செவுத்துல ஒட்டிப் பாக்கறேன்."

"அவன் கேட்டானா?"

"அவர் எங்க கேப்பார். நான்தான் கேக்கறேன்."

வேறு யார் கேட்டிருந்தாலும் கைவலி, கண்வலி என்று அண்ணன் தட்டிக்கழித்திருப்பார். சாக்குச் சொல்வதில் சுறுசுறுவையே பெற்றவர் அவர். ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்து அடிபட்டவர்களில் அவளும் ஒருத்தி. அவளிடம் என்னத்தைச் சொல்வது? சரிம்மா என்றார்.

மறுநாள் காலை மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். நிப் துருப்பிடித்திருந்தது. மைப் புட்டியின் மூடியைத் திறக்க முடியாமல் வெந்நீரில் வைத்துத் திறந்தால், உள்ளே மை கட்டியாகக் காய்ந்து கிடந்தது. பென்சில் போதும் என்று வைத்துக்கொண்டார்.

அவர் இப்போது வயிற்றுப்பாட்டுக்கு வரைவது வேறு. மிக்சி, குக்கர், மின்விசிறி வாங்கினால் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், யாரும் படிக்காமல் தூக்கிப்போடுகிற அந்தத் தாளில் வரும் படங்கள். மூடியை இப்படித் திருகு, ஒயரை இங்கே செருகு. உடம்பில்லாத கைகள், அம்புக்குறி, ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பது வருஷமாக ஒரு முகம்கூட வரையவில்லை. கம்பெனிக்காரர்களுக்கு முகம் ஆகாது. முகம் இருந்தால் ஜனங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், மூடியைப் பார்க்கமாட்டார்கள் என்பது அவர்கள் கட்சி.

முதல் எருமை அரைமணி நேரத்தில் வந்தது. கோடெல்லாம் நேராக, சுத்தமாக இருந்தது. மனைவி காப்பி டம்ளரை வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"இதுல எந்தப் பக்கம் தண்ணி ஊத்தணும்?" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. கொம்பு வைத்த வெந்நீர்க் கொதிகலன் மாதிரிதான் இருந்தது அது. அடுத்த மூன்று நாளில் இருபத்தாறு தாள் வீணானது. ஒன்று பசுமாடு மாதிரி சாதுவாக வந்தது. ஒன்றுக்குக் கண் நன்றாக அமைந்தது, ஆனால் அது ஏதோ பரீட்சைக்குப் படிக்கிற எருமை. நான்காம் நாள் வெட்கத்தை விட்டுப் பழைய பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தான் வரைந்ததைத் தானே பார்த்து கோட்டுக்குக் கோடு காப்பியடித்தார். கொம்பு சரி, வயிறு சரி, சட்டைப் பொத்தான்கூடச் சரி. உயிர்தான் இல்லை. காணாமல் போன ஆளுக்குப் போலீசில் எழுதிக்கொடுக்கிற அங்க அடையாளம் மாதிரி எல்லாம் பொருந்தியிருந்தது, ஆளைக் காணோம்.

பயம் வந்துவிட்டது அவருக்கு. கை போய்விட்டதோ என்ற பயம் பாதி, அந்தக் காலின் பயம் பாதி. பத்தில் நாலு நாள் கழிந்துவிட்டது.

பென்சிலை வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். மேஜைக்குப் பக்கத்தில் பாய் விரிக்கிற இடத்தில் இப்போது காகித அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பதினோரு வருஷத்தில் ஒரு வாரம்கூட அவர் எருமையை நினைத்து வரைந்ததில்லை. பாயில் படுத்திருந்தவனைப் பார்த்து வரைந்துவிட்டுக் கொம்பு வைத்திருக்கிறார். வலது தோள் கொஞ்சம் சரிந்திருப்பதும், அலுப்பாக இருந்தால் கால் கட்டைவிரல் தானாக ஆடுவதும் அவன் சொத்து. அவன் வராமல் போனதும் எருமையும் போய்விட்டது.

அவன் ஏன் வராமல் போனான் என்பதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பாயில் படுத்தபடி தம்பி ஒரு விஷயம் சொன்னான். வேலை போய்விட்டது. ஆட்குறைப்பு. பதினெட்டு நாளாகிறது, வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் குளித்து, சட்டை மாட்டி, மனைவி கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்பிப் போய்ப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு மணிக்குச் சாப்பிடுகிறான். ஐந்தரைக்கு வீடு திரும்புகிறான். வேறு வேலை கிடைத்ததும் அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரை யாரிடமும் மூச்சுவிடாதே என்றான்.

அண்ணன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வரைந்தார், அவ்வளவுதான். சுறுசுறு குளிக்கிறது. சுறுசுறு பெட்டியோடு கிளம்புகிறது. சுறுசுறு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, மணியைப் பார்த்து, ஒரு மணியானதும் கடமை தவறாமல் பெட்டியைத் திறக்கிறது. நாலாவது கட்டத்தில் வீட்டுக்கு வந்து, இன்று வேலை அதிகம் என்று நெற்றியைத் துடைக்கிறது. அந்தப் பத்திரிகைக்கு நாலு வாரம் முன்னதாகவே படத்தைக் கொடுத்துவிட வேண்டும். நாலு வாரத்தில் அவனுக்கு வேலை கிடைத்துவிடும், பிறகு எல்லோரும் சேர்ந்து சிரிக்கலாம் என்று மனசுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். வேலை கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

தம்பி ஆபீஸ் விஷயத்தை வீட்டில் வாய் திறந்து சொல்லும் ரகமில்லை. அதனால் அவன் மனைவி சுறுசுறுவைப் படித்துத்தான் புருஷன் ஆபீசில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வாள். மேலதிகாரி மாறியது, மின்விசிறி கழன்று விழுந்தது எல்லாம் அவளுக்கு அப்படித் தெரிந்ததுதான். அந்த நாலு கட்டத்தையும் இரண்டு முறை படித்தாள். மறுநாள் ஒரு மணிக்குப் பூங்காவுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் தம்பி அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றவில்லை. "நான் சொல்ல வேண்டியதை நீ சொல்லிட்டே" என்றான். போய்விட்டான். அண்ணன் கைவலி என்று ஆசிரியருக்கு எழுதிப்போட்டு, கொடுத்துவைத்திருந்த மற்ற மூன்று வாரப் படங்களையும் ஒரே போனில் திருப்பி வாங்கி, சுறுசுறுவை அத்தோடு நிறுத்தினார். நிறுத்தியதே மன்னிப்புக் கேட்டதற்குச் சமம் என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். தம்பிக்கு ஆறு மாதத்தில் ஒரு லாரி ஆபீசில் வேலை கிடைத்தது. கல்யாணம், துக்கம் என்று பார்க்கிற இடத்தில் எப்ப வந்தே, எப்ப கிளம்பறே என்று கேட்டுக்கொள்வார்கள்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அண்ணன் தாள், பென்சில், ரப்பரோடு தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தான். வா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தலைமாட்டில் பழைய பத்திரிகைகள் அடுக்கியிருந்தன. கட்டிலை ஒட்டி வாக்கர் நின்றது, கைப்பிடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. வாக்கரின் பயன் அந்த வீட்டில் அதுதான்.

அண்ணன் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, திறந்த கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். மடியில் அட்டை, அதன்மேல் தாள். கட்டிலில் தெரிந்தது முதுகும், சரிந்த வலது தோளும், போர்வைக்கு வெளியே ஒரு பாதமும்தான். கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. முதலில் அந்தத் தோளை இழுத்தார். தோள் வந்தது. தோளுக்கு அடியில் வயிறு தானாக வந்து உட்கார்ந்தது. கொம்பு, தொங்கும் காது, அரைத்தூக்கக் கண். எழுந்து நிற்கிறதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நிற்கிற இரண்டு கால். கை தானாகவே சாப்பாட்டுப் பெட்டியையும் போட்டுவிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சுறுசுறு தாளிலிருந்து அவரை ஏறிட்டு, இதற்கா என்னை எழுப்பினாய் என்கிற மாதிரி பார்த்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"பென்சில் சத்தம் கேக்குது" என்றான் தம்பி, சுவரைப் பார்த்தபடியே.

"ஆமா."

"எந்தப் பத்திரிகைக்கு?"

"எதுக்கும் இல்ல. உனக்குத்தான்."

"அன்னைக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தே. நான் உன்கிட்ட பேசறதா நினைச்சேன். நீ வேலை பாத்துக்கிட்டிருந்தே."

அண்ணன் பென்சிலைச் சட்டைப் பையில் வைத்தார்.

"அது தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லமாட்டேன்" என்றார். "நாலு வாரம் இருந்துச்சு. மத்த மூணையும் ஒரு போன்ல திருப்பி வாங்கினேன். அதையும் வாங்கியிருக்கலாம். ரெண்டு தடவை போனைக் கையில எடுத்தேன். படம் நல்லா வந்திருக்கேன்னு வச்சுட்டேன். நான் பண்ணினது தப்பு. அதை உன்கிட்ட வந்து சொல்லாம இருந்தது அதைவிடத் தப்பு."

தம்பியின் கட்டைவிரல் ஆடுவது நின்றிருந்தது. "நல்லாத்தான் வந்திருந்துச்சு. அதான் வயித்தெரிச்சல்" என்றான். பிறகு, "என்ன வரைஞ்சிருக்கே, காட்டு" என்றான்.

அண்ணன் எழுந்தார். அச்சாகாத ஒரு சுறுசுறுவைத் தம்பிக்குக் காட்டப்போவது இதுதான் முதல்தடவை என்பது எழுந்த பிறகுதான் உறைத்தது. அறைவாசலில் தம்பி மனைவி வழிமறித்து, அவர் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டாள். நேரே கூடத்தின் மறுகோடிக்குப் போய், நாள்காட்டி மாட்டுகிற ஆணியில், நாள்காட்டியை எடுத்துவிட்டு அதைக் குத்தினாள். உட்கார்ந்தபடியே தேதி கிழிக்கத் தாழ அடித்த ஆணி, இடுப்பளவுதான்.

"வந்து பாருங்க" என்றாள் புருஷனிடம்.

தம்பி கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். அவ்வளவு தூரத்தில் கொம்பு தெரியும், வயிறு தெரியும், கையில் ஏதோ தொங்குவதும் தெரியும். அவன் முகம் சிவந்தது.

"கையில என்ன அது? பெட்டியா?"

அண்ணனுக்கு அப்போதுதான் தாம் செய்த காரியம் விளங்கியது. எந்தப் பெட்டியால் இவ்வளவும் வந்ததோ அதையே மறுபடி அவன் கையில் கொடுத்து நிறுத்தியிருக்கிறார். பழக்கதோஷம். பதினோரு வருஷம் போட்ட பெட்டியைக் கை கேட்டுக்கொண்டா போடும்? எடுத்துடறேன் என்று சுவரைப் பார்த்து நடக்கப்போனார். தம்பி நிறுத்தினான்.

"நீ தொடாதே. ரப்பரைக் குடு."

காலைக் கீழே இறக்குவதற்கே இரண்டு நிமிஷம் பிடித்தது. வாக்கரின் மேலிருந்த துண்டைத் தூக்கி எறிந்தான். எழுந்து நின்றபோது வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுதமுடியாது. அது அண்ணனுக்கா, டாக்டருக்கா, முழங்காலுக்கா என்றும் தெரியவில்லை. தம்பி மனைவி தாங்கிப் பிடிக்க ஒரு கையை நீட்டி, பிறகு அந்தக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒவ்வோர் அடிக்கும் வாக்கரைத் தள்ளி, பல்லைக் கடித்து, நின்று, மறுபடி தள்ளினான். அண்ணன் எண்ணிக்கொண்டே வந்தார். பதினாலு அடி.

படம் இடுப்பளவில் இருந்தது. நின்றுகொண்டே குனிய முடியவில்லை. அவள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் பின்னால் போட்டாள். அவன் கோபத்தில் அதைக் கவனிக்காமலே உட்கார்ந்தான். கால் மடங்கியது. ஒரு முனகல் வந்தது, ஆனால் காலைத் திருப்பி நீட்டவில்லை. அவள் சத்தம் போடாமல் அண்ணனின் முழங்கையைத் தொட்டுக் கீழே பார்க்கச் சொன்னாள். மூடியை எத்தனை டிகிரி திருப்பவேண்டும் என்று ஒன்பது வருஷமாக வரைந்தவர் அவர். எழுபத்தைந்து இருக்கும் என்று கண்ணாலேயே அளந்து, விரலால் ஏழும் ஐந்தும் காட்டினார்.

தம்பி ரப்பரால் பெட்டியை அழித்தான். அவசரமில்லாமல், மூலைமூலையாக, கைப்பிடிவரை அழித்தான். அழித்த தூளை ஊதிவிட்டுப் பார்த்தான். சுறுசுறு கையை மடக்கி நின்றது, மடக்கிய கையில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததும் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், தோள் குலுங்கியது.

"வெறுங்கையோட நிக்கறதைப் பாரு. மாட்டிக்கிட்டவன் மாதிரி" என்றான்.

"என்ன குடுக்கலாம்?" என்று கேட்டார் அண்ணன். அவனிடம் இப்படிக் கேட்டதும் அவர் வாழ்க்கையில் முதல்தடவை.

தம்பி யோசித்தான். வாக்கர் என்றான். வாக்கரில் ஒரு துண்டும் காயவேண்டும் என்றான். அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்து வரைந்தார். துண்டு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்று தம்பி திருத்தினான். வயிறு இவ்வளவு வேண்டாம், நான் இளைத்துவிட்டேன் என்றான். தம்பி மனைவி பொய்யென்று தலையை ஆட்டினாள், அண்ணன் வயிற்றை அப்படியே விட்டார்.

திரும்பிப் போகும்போது பதினாறு அடி ஆனது, நடுவில் இரண்டு இடத்தில் நின்று திட்டினான். கட்டிலில் சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணன் நாளைக்கு வரவா என்று கேட்க நினைத்து, கேட்கத் தைரியமில்லாமல் அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"அண்ணா" என்றான் தம்பி, கண்ணைத் திறக்காமல். "நாளைக்கு வரையறதை வாசக்கதவுல ஒட்டு. இவ ஆணி ரொம்பப் பக்கத்துல இருக்கு."

அண்ணன் சரி என்றார். ரப்பர் தம்பியின் கைக்குள் இருந்தது. அவன் அதைத் திருப்பித் தரவில்லை, அவரும் கேட்காமல் படியிறங்கினார்.